டாமி பாண்டைத் தேடியதில் பட்ட பாடு

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க பேஸ்பால் வீச்சாளர் டாமி (தாமஸ்) பாண்டின் இறப்புச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்திருந்தேன். ஏழு வாரம் காத்திருந்து வந்த உறையைப் பிரித்தால், உள்ளே வேறொரு தாமஸ் பாண்டின் இறப்புச் சான்றிதழ். கட்டிய பணம் திரும்பாது. எழுதிக் கேட்டதற்கு, "விண்ணப்பத்தில் இருந்த பெயருக்குப் பதிவேட்டில் கிடைத்ததை அனுப்பினோம்" என்று ஒரு வரிப் பதில். அவர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. நான் எழுதியது பெயரும் ஊரும் தோராய ஆண்டும் மட்டுமே. 24 ஜனவரி 1941 என்று முழுத் தேதி, வயது 84, பிறந்த நாடு அயர்லாந்து, இவ்வளவும் முதல் விண்ணப்பத்திலேயே இருந்திருக்க வேண்டும். நம்மூர் போல அப்பா பெயரின் முதலெழுத்து ஒட்டியிருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்திருக்கும். இன்னொன்று: பழைய பதிவுகள் மாநில ஆவணக் காப்பகத்தில், பிந்தையவை பதிவாளர் அலுவலகத்தில் என்று பிரிந்து கிடக்கும். அந்த எல்லை ஆண்டும் அவ்வப்போது நகரும். பணம் கட்டுவதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1856இல் அயர்லாந்தின் லாங்ஃபோர்டு மாவட்டத்துக் கிரனார்டில் பிறந்து, சிறுவனாகப் புரூக்ளின் வந்து, 1874இல் அட்லாண்டிக்ஸ் அணிக்குப் பந்து வீசியவர். பிறகு ஹார்ட்ஃபோர்டு, பிறகு பாஸ்டன். 1877இல் பாஸ்டன் வென்ற 42 ஆட்டங்களில் 40 அவர் வீசி வென்றவை. அடுத்த ஆண்டு 41இல் 40. மைதானத்துக்குள் நடந்ததெல்லாம் ஒரு மாலைப் பொழுதில் கிடைத்துவிடும். மைதானத்துக்கு வெளியே போனால்தான் கால் இடறுகிறது.

முதல் இடறல் பெயரிலேயே. புரூக்ளின் நாளிதழ்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தேடல் கட்டத்தில் 'பாண்ட்' என்று அடித்தால் வந்து விழுபவை ரயில்வே கடன் பத்திரங்களும் நகராட்சிக் கடன் பத்திரங்களும்தான், ஆயிரக்கணக்கில். அன்றைய செய்தித்தாள்கள் ஆட்டக்காரர்களின் முதற்பெயரை அச்சிடுவதே அபூர்வம் என்பதால் 'டாமி' சேர்த்தும் பயனில்லை. எனக்கு வழி விட்டது வேறொன்று: அதே ஆட்டத்தில் ஆடிய வேறு இருவரின் அபூர்வமான குடும்பப் பெயர்களைப் போட்டுத் தேடி, அந்தப் பக்கத்தைக் கண்ணால் படிப்பது. பேஸ்பால் என்பதை அப்போது இரண்டு சொல்லாகப் பிரித்து எழுதினார்கள். சேர்த்துத் தேடினால் பாதி போய்விடும். ஸ்கோர் அட்டவணையின் பொடி எழுத்தைக் கணினி சரியாகப் படிப்பதில்லை, அதை நம்பித் தேதிகளைக் கழித்துவிடாதீர்கள்.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1890 கிடையாது. 1921இல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தோடு ஏறக்குறைய எல்லாம் போயிற்று. 1880க்கும் 1900க்கும் நடுவே இருபது ஆண்டுப் பள்ளம். பாண்ட் ஆட்டத்தை விட்டு வேறு பிழைப்புக்குப் போன காலமும் இதற்குள்தான் வருகிறது. இதை நகர விவரத் திரட்டுகளால்தான் நிரப்ப வேண்டும். ஆண்டுதோறும் வெளிவந்தவை. பெயர், தொழில், முகவரி, சொந்தக் குடித்தனமா விடுதியா என்ற சுருக்கக் குறிப்பு இருக்கும். ஒவ்வோர் ஆண்டாக வரிசையாகப் பாருங்கள். முகவரி ஒரே தெருவில் தொடர்ந்தால்தான் அதே ஆள் என்று நம்பலாம். தொழிலை மட்டும் வைத்து நம்பினால் என்னைப் போல ஒரு வாரம் வீணாகும்.

1880 கணக்கெடுப்பில் யாரும் எச்சரிக்காத பொறி ஒன்று இருக்கிறது. கணக்கு ஜூன் 1ஆம் தேதிக்கானது. அது ஆட்டப் பருவத்தின் நடு. அணி வெளியூரில் இருக்கும். வழக்கமாக வசிக்கும் இடத்தில் எழுத வேண்டும் என்பது விதி. ஆனால் ஆட்டக்காரரின் 'வழக்கமான இடம்' எது? பெற்றோர் வீட்டில் ஒரு முறையும், அணி தங்கிய விடுதியில் ஒரு முறையும் ஒரே ஆள் பதிவாக வாய்ப்புண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாகவும் இருக்கலாம். விடுதியில் பதில் சொன்னது பெரும்பாலும் விடுதிக்காரப் பெண்மணி. அவருக்கு வயது தெரியாது, பெற்றோரின் பிறப்பிடம் தெரியாது. ஆகவே ஓர் ஊரில் ஆள் அகப்பட்டதும் நிறுத்திவிடாமல், அணியின் ஊரையும் குடும்பத்தின் ஊரையும் தனித்தனியாகத் தேடுங்கள். 1870இலும் 1900இலும் அதே ஜூன் 1தான்.

1900 ஏடு தங்கம். பிறந்த மாதம், ஆண்டு, குடியேறிய ஆண்டு, குடியுரிமை நிலை என்று தனித்தனிப் பத்தி. ஆனால் குடியேறிய ஆண்டை 1910 ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எழுதாதீர்கள். சிறுவயதில் வந்தவர்களுக்கு அது நினைவல்ல, வீட்டில் கேட்ட சேதி. இரண்டு, மூன்று ஆண்டு தள்ளிப்போவது சகஜம். கப்பல் பட்டியலிலும் இதே கதை: ஊர்ப் பெயர் இராது, 'அயர்லாந்து' என்ற ஒரு சொல்தான். பலர் லிவர்பூல் போய்க் கப்பலேறியதால் துறைமுகமும் அயர்லாந்துத் துறைமுகமாக இருக்காது. குடியுரிமைக் கோப்பைத் தேடி ஒரு நாளைத் தொலைக்கலாம், நான் தொலைத்தேன். தகப்பன் குடியுரிமை பெற்றால் வயது வராத பிள்ளைகளும் தாமாகவே குடிமக்கள். மகன் பெயரில் தாளே இருக்காது. தகப்பனின் தாள் அகப்பட்டாலும், 1906க்கு முந்தியதென்றால் அதில் பெரிதாக ஒன்றுமில்லை. விக்டோரியா அரசிக்கான விசுவாசத்தைத் துறப்பதாக ஒரு வாசகம், ஒரு கையெழுத்து.

அயர்லாந்துப் பக்கம்தான் உண்மையில் கை பிசைய வைத்தது. எல்லாருக்குமான பிறப்புப் பதிவு அங்கே தொடங்கியது 1864இல். இவரைப் போலவே அயர்லாந்தில் பிறந்த பேஸ்பால் ஆட்டக்காரர்களில், 1865இல் கார்க் மாவட்டத்தில் பிறந்ததாகக் குறிப்பிடப்படும் பேட்சி டோனவனுக்குப் பதிவேட்டில் தேடவாவது வழி உண்டு. பாண்டுக்கு இல்லை. கார்க்கிலேயே 1859இல் பிறந்த டோனி முல்லேனுக்கும் இல்லை. 1861, 1871 கணக்கெடுப்புகளை அரசே அழித்துவிட்டது. மிச்சம் ஞானஸ்நானப் பதிவேடுதான்.

அங்கேயும் 'பாண்ட்' காலை வாருகிறது. லாங்ஃபோர்டில் அந்தப் பெயரில் நிலக்கிழார் குடும்பமே உண்டு. அன்றைய நிலக்கிழார்கள் பெரும்பாலும் புராட்டஸ்டன்ட்டுகள். ஆகவே கத்தோலிக்கர் என்று நினைத்துக்கொண்டு தேடக் கூடாது. இரண்டு சபைகளின் ஏடுகளையும் பார்த்தாக வேண்டும். கத்தோலிக்க ஏடுகள் கோயில்களிலேயே தங்கியதால் தப்பின. மைக்ரோஃபிலிம் படங்கள் அயர்லாந்து தேசிய நூலகத் தளத்தில் இலவசம். புராட்டஸ்டன்ட் சபையான அயர்லாந்துத் திருச்சபையின் ஏடுகளில் பாதிக்கு மேல், பாதுகாப்புக்கென்று டப்ளின் ஆவணக் காப்பகத்துக்குக் கொண்டுபோனதால், 1922 தீயில் போயின. பத்திரமாக இருக்கட்டும் என்று கொடுத்ததுதான் எரிந்தது!

கத்தோலிக்க ஏடுகள் பல லத்தீனில். பேட்ரிக் 'பட்ரிசியஸ்' ஆகியிருப்பார், ஜேம்ஸ் 'யாக்கோபஸ்'. பெயர்ப் பட்டியல் போட்ட தளங்களை மட்டும் நம்பாதீர்கள், மங்கிய மையில் 'பாண்ட்' எளிதாக 'பாய்ட்' ஆகும். பக்கத்துக் கோயில் பங்குகளின் ஏடுகளையும் சேர்த்து, பிறந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு ஆண்டு, படம் படமாகப் புரட்டுவதே வழி.

எண்களிலும் ஒரு எச்சரிக்கை. ஓரிடத்தில் பாண்டின் வெற்றிகள் 234, மற்றோரிடத்தில் 193. இரண்டும் தவறில்லை. 1871 முதல் 1875 வரை நடந்த நேஷனல் அசோசியேஷன் என்ற போட்டித் தொடரை மேஜர் லீகாக, அதாவது முதல்தரத் தொடராகக் கணக்கில் எடுப்பதில்லை என்று 1969இல் முடிவானது. அந்த 41 வெற்றிகள்தான் வித்தியாசம். எதை எழுதினாலும் எந்தக் கணக்கு என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள். 

சரியான சான்றிதழ் இரண்டாவது விண்ணப்பத்தில் வந்தது. வந்ததும் நான் பார்த்தது பிறப்பிடக் கட்டத்தை அல்ல, தகவல் தந்தவர் யார் என்ற கட்டத்தை. அயர்லாந்தையே பார்த்திராத பிள்ளையோ மருமகனோ சொன்ன ஊர்ப் பெயரும், கூடப் பிறந்தவர் சொன்ன ஊர்ப் பெயரும் ஒன்றல்ல. இப்போது உடன்பிறந்தவர்களின் சான்றிதழ்களுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். தேடுவது ஒரே ஒரு கட்டம்: அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர். இந்த முறை ஒவ்வொன்றிலும் முழுத் தேதி எழுதியிருக்கிறேன்.