கத்திரி வெயிலும் கார் பேட்டரியும்

வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் இந்நாள்களில்தான், பேட்டரிக்குக் குளிரே பகை என்று நெடுநாள் நம்பியிருந்தது எவ்வளவு தவறு என்பது எனக்குப் புரிகிறது. வெப்பம் ஏற ஏற அமிலக் கரைசலிலுள்ள நீர் ஆவியாகி, ஈயத் தகடுகளின் அரிமானமும் விரைவதால், கோடையில் நேர்ந்த கேடு பல வேளைகளில் மார்கழிக் காலையில் வண்டி கிளம்ப மறுக்கும்போதுதான் வெளிப்படுகிறது. மூடி திறக்கும் வகை பேட்டரியாயின், தகடுகள் மூழ்கும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்நீரின் உப்புகள் தகடுகளைக் கெடுத்துவிடும் (எங்கள் தெருத் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்). இரவு முழுதும் நின்ற வண்டியில் மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் நலம், 12.4க்குக் கீழிறங்கினால் சார்ஜ் ஏற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது. காக்கை எச்சத்தைக் கழுவும் வேலை கூடினாலும், நான் இப்போது வேப்பமர நிழலில்தான் வண்டியை நிறுத்துகிறேன்.