60 விழுக்காடு: வட சென்னை நாட்குறிப்பு

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு

வட சென்னைக் கல்லூரி ஒன்றில் எங்கள் நிறுவனத்துக்கு ஆள் எடுக்க, இரவு கோவையிலிருந்து வந்து சேர்ந்தோம். மண்ணடியில் அறை. வினாத்தாள் கட்டுகளை எண்ணிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியாகிவிட்டது. தூக்கம் வரவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு கூட்டம். தண்டையார்பேட்டை, கொடுங்கையூர், திருவொற்றியூர், எண்ணூர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் இறுதியாண்டுப் பிள்ளைகள். அரங்கு நிரம்பிப் படிக்கட்டில் உட்கார்ந்தும் தேர்வு எழுதினார்கள். கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

பத்து, பன்னிரண்டு, பட்டம் மூன்றிலும் 60 விழுக்காடு வேண்டும். தேர்வுக்கு முன்பே இதை வாசித்துவிட வேண்டும் என்பது உத்தரவு. வாசித்தேன். வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். எண்ணூர்ப் பெண் ஒருத்தி மட்டும் வெளியே போகாமல் நேராக என்னிடம் வந்தாள். பட்டப்படிப்பில் 81, பன்னிரண்டில் 74, பத்தாம் வகுப்பில் 57.

"இது பரீட்சை எழுதி வாங்கிய மதிப்பெண் இல்லை, மேடம்."

பின்னால் ஆட்கள் நின்றிருந்தார்கள். புதன்கிழமை சான்றிதழ்களோடு வரச் சொன்னேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம், கல்லூரி விடுமுறை. தெருவில் கந்தகோட்டத்துக்குப் போகும் கூட்டம். நான் அறையிலேயே பயோடேட்டாக்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

மதியத்துக்கு மேல்தான் பொறி தட்டியது. இவர்கள் 2020-இல் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள். அந்த ஆண்டு கொரோனாவால் பொதுத்தேர்வே நடக்கவில்லை. எல்லோரும் தேர்ச்சி என்று அறிவித்து, காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 விழுக்காடு, வருகைப்பதிவுக்கு 20 விழுக்காடு என்று கணக்கிட்டுப் பட்டியல் கொடுத்தார்கள். அரையாண்டில் கோட்டைவிட்டாலும் பொதுத்தேர்வில் பிடித்துவிடலாம் என்றுதானே நம் பிள்ளைகள் காலங்காலமாகப் படிக்கிறார்கள்? பயம் வரட்டும் என்று அரையாண்டுத் தாளை ஆசிரியர்கள் கறாராகத் திருத்துவதும் உண்டு. பிடிப்பதற்கான அந்த ஒரு வாய்ப்பே இவர்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த மதிப்பெண்ணைக் காட்டி, ஐந்து ஆண்டு கழித்து வாசலிலேயே திருப்பி அனுப்புவது என்ன நியாயம்?

பெங்களூருத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். ஒரு வரியைக்கூட மென்மையாக்கவில்லை.

பிப்ரவரி 12, புதன்

பதில் இல்லை.

நேர்முகத் தேர்வு இரவு ஏழு மணி வரை இழுத்தது. ஒரு பையனின் பயோடேட்டாவில் முகவரி என்ற இடத்தில் 'சென்னை 600039' மட்டும் இருந்தது. எந்தப் பகுதி என்று என் சக ஊழியர் கேட்டார். "பெரம்பூர் பக்கம், சார்." மறுபடி கேட்டதும் வியாசர்பாடி என்றான், மேசையைப் பார்த்தபடி. ஊர்ப் பெயரைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களும் பட்டு அறிந்தே சொல்லியிருப்பார்கள். அதை நினைக்கத்தான் வயிறு எரிகிறது. உனக்கு யாரைப் பிடிக்கும் என்று கேட்டேன். சட்டென்று நிமிர்ந்து, காசிமா என்றான். புது வண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள். போன நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்றவர். அதன்பின் அவன்தான் பேசினான், நாங்கள் கேட்டோம். தேர்வாகிவிட்டான்.

சாயங்காலம் எண்ணூர்ப் பெண் வந்தாள். ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை. சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், எல்லாம் ஓரம் மடங்காமல் அடுக்கியிருந்தாள். பத்தாம் வகுப்புப் பட்டியல் மட்டும் கடைசியில், திருப்பி வைத்தபடி. 2019 அரையாண்டுத் தேர்வின்போது அவளுடைய அப்பா ஸ்டான்லி மருத்துவமனையில் இருந்திருக்கிறார். இரவு அங்கே தங்கி, காலையில் அங்கிருந்தே பள்ளிக்குப் போனாளாம். கெஞ்சவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

பிப்ரவரி 13, வியாழன்

இன்றும் இல்லை. கொள்கை என்றால் கொள்கைதான் என்கிறார் மண்டல மேலாளர். நடக்காத தேர்வுக்கு என்ன கொள்கை?

இன்னொரு கவலையும் பிடித்துக்கொண்டது. வேலை சிறுசேரியில். எண்ணூரில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரை, அங்கே பறக்கும் ரயிலுக்கு மாறித் திருவான்மியூர், பிறகு பஸ். தினமும் நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு. அலுவலக வண்டி இரவு ஷிப்டுக்கு மட்டும், அதுவும் தண்டையார்பேட்டை வரைதான் என்கிறார்கள். நள்ளிரவில் அங்கே இறங்கும் பெண் எண்ணூருக்கு எப்படிப் போவாள்? இதையும் சேர்த்து எழுதி அனுப்பினேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

குரல் முழுதாகப் போய்விட்டது. மிளகு, பனங்கற்கண்டு, வெந்நீர்.

பிப்ரவரி 15, சனி

11 மணிக்கு வந்துவிட்டது! இந்த ஆண்டு பட்டம் முடிப்பவர்களுக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பார்க்க வேண்டியதில்லை. பன்னிரண்டும் பட்டமும் போதும். ஆனால் விடுபட்டவர்களுக்கு இன்றைக்கே தேர்வு வைக்க வேண்டும், மாலை 4 மணிக்கு. வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதை நான் விடுவதாக இல்லை.

திங்களன்று எழுந்து போனவர்களின் பெயரும் எண்ணும் கல்லூரி வேலைவாய்ப்பு அலுவலரிடம் இருந்தன. அவருக்குக் கோடி புண்ணியம். எனக்குக் குரல் இல்லாததால் சக ஊழியர் பேசுகிறார், நான் பட்டியலில் குறிக்கிறேன். பலர் உடனே கிளம்புகிறார்கள். மூலக்கடைப் பையன் ஒருவன் சனிக்கிழமைகளில் துணிக்கடையில் வேலை பார்க்கிறான். முதலாளி விட மாட்டார் என்கிறான். முதலாளியிடமே போனைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறோம். எண்ணூர்ப் பெண்ணின் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே வருகிறது. அவளுடைய வகுப்புத் தோழியின் எண் கிடைத்திருக்கிறது, அதைப் போட்டுப் பார்க்கிறோம்.