எட்டு சதவீதமும் என் கணக்கும்

சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எனக்கு அது நான்காம் ஆண்டு. ஏப்ரலில் நடந்த ஆண்டு மதிப்பீட்டுக்கு, அதுவரை செய்த வேலைகளையெல்லாம் பதினோரு பக்கங்களில் தொகுத்து எடுத்துச் சென்றிருந்தேன். மேலாளர் அதைப் புரட்டவே இல்லை. மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, எக்செல் தாளில் மஞ்சள் பூசிய ஒரு கட்டத்தைக் காட்டினார்: சம்பள உயர்வு எட்டு சதவீதம். நான் பன்னிரண்டு கேட்டேன். அவர் கோபப்படவில்லை, பேனா மூடியைச் சிறிது நேரம் திறந்து மூடிக்கொண்டிருந்துவிட்டு, "இதை நீங்க ஜனவரியிலேயே சொல்லியிருந்தா ஏதாவது பண்ணியிருப்பேன்" என்றார்.

தட்டிக்கழிக்கிறார் என்றுதான் அன்று நினைத்தேன். எங்கள் குழுவுக்கான உயர்வுத் தொகை பிப்ரவரியிலேயே மேலே போய் ஒப்புதலாகித் திரும்பிவிடுகிறது என்பதும், நான் பேச்சுவார்த்தை என்று எண்ணிப் போனது அவருக்கு வெறும் அறிவிப்பு என்பதும் பிறகுதான் விளங்கின. போதாக்குறைக்கு பெல் கர்வ் வேறு, அதாவது இத்தனை பேருக்குத்தான் இந்த ரேட்டிங் என்று முன்கூட்டியே வகுத்துவிடும் முறை. ஒன்பது பேரில் இருவருக்குத்தான் உயர்ந்த ரேட்டிங் என்றால், எனக்கு ஏற்ற வேண்டுமானால் இன்னொருவருக்கு இறக்க வேண்டும். அந்த இன்னொருவர் அநேகமாக என் பக்கத்து இருக்கை நண்பர்.

சதவீதத்தில் கேட்டேனே, அந்த விதத்திலும் தவறு இருந்தது. ஒன்பது லட்சம் சி.டி.சி.யில், அதாவது நிறுவனம் எனக்காக ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகையில், எட்டு சதவீதம் என்றால் ஆண்டுக்கு 72,000. மாதம் ஆறாயிரம் கூடும் என்று மனக்கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் அதில் 15 சதவீதம், அதாவது 10,800 ரூபாய், வேரியபிளுக்கு, அதாவது செயல்பாட்டைப் பொறுத்து மாறும் தொகைக்குப் போனது. சி.டி.சி.யில் 40 சதவீதம் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) என்பதால் அது 28,800 கூடியது; அதன் மீது நிறுவனம் கட்டும் 12 சதவீத பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பங்கும் 4.81 சதவீத கிராஜுவிட்டி (பணிக்கொடை) ஒதுக்கீடும் அதே 72,000-க்குள்ளேயே அடக்கம், என் பங்கு பி.எஃப். பிடித்தம் தனி. வருமான வரிக்கு முன்பே மாதம் சுமார் 4,400 ரூபாய்தான் மிஞ்சியது. பி.எஃப். என் பணம்தான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டு வாடகையை அதிலிருந்து கொடுக்க முடியாது.

வேறு நிறுவனத்தின் ஆஃபர் கடிதத்தைக் காட்டிக் கேட்கும்படி சிலர் சொன்னார்கள். போகும் எண்ணமில்லாதவன் அதைக் காட்டுவது எனக்கு ஒப்பவில்லை. 'சரி, போய் வாருங்கள்' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த ஜனவரியில் பொங்கல் விடுமுறை முடிந்த வாரமே மேலாளரிடம் அரைப்பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்தேன். ஆறு மணி நேரம் ஓடிக்கொண்டிருந்த இரவு பேட்ச் வேலையை (கணினி தானாகத் தொகுப்பாகச் செய்யும் பணியை) இரண்டு மணி நேரத்துக்குக் கொண்டுவந்தது, புதிதாகச் சேர்ந்த இருவரைத் தனியாக வேலை பார்க்கும் அளவுக்குத் தேற்றியது என இரண்டே செய்திகள். கீழே, கைக்கு வரும் சம்பளத்தில் மாதம் 7,500 ரூபாய் உயர்வு வேண்டும் என்ற ஒரு வரி. நான் இல்லாத அறையில் எனக்காகப் பேசவேண்டியவர் அவர். அங்கே பதினோரு பக்கத்தை அவரால் வாசித்துக்கொண்டிருக்க முடியாது. தாளை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஏப்ரலில் வந்த கடிதத்தில் பன்னிரண்டு சதவீதம் இருந்தது. வரிக்கு முன், மாதம் ஏறக்குறைய 7,100 ரூபாய். அன்று மாலை தேநீர் குடிக்கப் போனபோது பக்கத்து இருக்கை நண்பர் வழக்கம்போல இருவருக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார். அவருக்கு எவ்வளவு வந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.