மூன்றாம் வரிசை

சிறிய காரா, பெரிய காரா என்று முடிவெடுக்கப் போன காட்சிக்கூடத்தில் இன்று, பெரிய எஸ்யூவியின் மூன்றாம் வரிசையில் அமர்ந்து பார்த்த அம்மாவின் முழங்கால்கள் ஏறக்குறைய மார்பளவுக்கு உயர்ந்துவிட்டன.

அந்த வரிசை பின் அச்சுக்கு மேலே அமைவதால் தரை உயர்ந்துவிடுகிறது. இருக்கையோ தாழ்வாகவே இருக்கிறது. ஏழு பேர் அமரலாம் என்று விவரத்தாள் சொல்வது உண்மைதான். ஆனால் ஏழு பெரியவர்கள் நெடுந்தூரம் வசதியாகச் செல்லலாம் என்று அதற்குப் பொருளில்லை. அந்த வரிசையை நிமிர்த்தியதும் பெட்டிகள் வைக்கும் இடமும் வெகுவாகச் சுருங்கிவிட்டது.

உதாரணமாக, வால்வோ நிறுவனத்தின் சிறிய எஸ்யூவியான எக்ஸ்சி40 சுமார் 4.4 மீட்டர் நீளமும் ஐந்து இருக்கைகளும் கொண்டது. ஏழு பேருக்கான எக்ஸ்சி90 ஏறக்குறைய 4.95 மீட்டர் நீளமுடையது.

அந்த அரை மீட்டர், ஒவ்வொரு முறை வண்டியை நிறுத்தும்போதும் திருப்பும்போதும் நம் கூடவே வரும்; கூடுதல் எடைக்கு எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும், டயர்களும் பிரேக்குகளும் விரைவாகத் தேயும்.

எங்கள் வீட்டில் நால்வர்தான் என்பதாலும், விருந்தினர் சேரும் அரிய நாட்களுக்கு வாடகை வண்டி போதும் என்பதாலும், அம்மா சிரமமின்றி அமரக்கூடிய சிறிய வண்டியையே தேர்ந்தெடுத்தோம்.

பின்வரிசையில் மூன்று குழந்தை இருக்கைகளைப் பக்கம் பக்கமாகப் பொருத்த வேண்டிய குடும்பத்துக்கு இம்முடிவு பொருந்தாது. அவர்களுக்குப் பெரிய வண்டியே சரி.