ஃபியூ என்று படித்தேன், சிபி கண்ணில் படவில்லை

விமானி ஆவதற்கான தேர்வில் மெட், அதாவது வானிலைப் பேப்பரில் முதல் தடவை 66 வாங்கினேன். விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ நடத்தும் அந்தத் தேர்வில் பாஸ் ஆக 70 வேண்டும். நாலு மார்க்கில் போனது வயிற்றெரிச்சல்தான். ஆனால் இப்போது யோசித்தால் 66-ஏ அதிகம் என்று தோன்றுகிறது.

எங்கள் ஊர் சிவகாசி. பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் வறண்ட காற்றுதான் மூலதனம். எங்களுக்கு வானிலை என்றால் ‘இன்னைக்குக் காயுமா, காயாதா’ என்ற ஒரே கேள்வி. அந்த அறிவோடு போய், நார்வெஸ்டர் எந்தப் பக்கம் அடிக்கும், வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ் எந்த மாதங்களில் வரும், மேங்கோ ஷவர் எங்கே பெய்யும் என்று கேள்வி வங்கியை மனப்பாடம் செய்தேன். பதினைந்து வயதில் திருக்குறள் ஒப்பித்த அதே முறை. கேள்வியை லேசாகத் திருப்பிப் போட்டார்கள், கவிழ்ந்துவிட்டேன்.

இரண்டாவது தடவை மனப்பாடத்தை விட்டேன். ஒரு நோட்டு வாங்கி, மெட்டாரைத் தினமும் கையால் எழுதினேன். விமான நிலையத்தின் அப்போதைய வானிலை அறிக்கைதான் மெட்டார். காற்றின் திசை, வேகம், பார்வைத் தூரம், மேகம், வெப்பநிலை, பனிநிலை (காற்றின் ஈரம் பனித்துளியாக மாறும் வெப்பநிலை), அழுத்தம் எல்லாம் ஒரே வரியில் சுருக்கெழுத்தாக வரும். வானத்தை எட்டுப் பங்காக்கி அதில் எவ்வளவு மூடியிருக்கிறது என்று சொல்வார்கள். ஒன்று, இரண்டு பங்கு என்றால் ஃபியூ. மூன்று, நான்கு ஸ்கேட்டர்ட். ஐந்து முதல் ஏழு வரை புரோக்கன். எட்டும் மூடிவிட்டால் ஓவர்காஸ்ட். வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் உள்ள வித்தியாசத்தை 400-ஆல் பெருக்கினால், வெயில் கிளப்பும் மேகத்தின் அடித்தளம் எத்தனை அடியில் என்று உத்தேசமாகக் கிடைக்கும். இதெல்லாம் ஒரு மாதத்தில் கைவசம் வந்தது. 84 வாங்கினேன். வானிலையைக் கரைத்துக் குடித்துவிட்டதாக நினைப்பு.

பயிற்சிப் பள்ளி மகாராஷ்டிரத்தில், தக்காணப் பீடபூமி மேல். ஓடுபாதையே சுமார் 2000 அடி உயரத்தில். மே மாதம் 40 டிகிரி அடிக்கும்போது காற்று மெலிந்து, 5500 அடி உயரத்தில் பறப்பதுபோல எங்கள் சின்னப் பயிற்சி விமானம் செஸ்னா 172 திணறும். கிளம்ப நீளமாக ஓடவேண்டும், ஏறுவதோ மாட்டு வண்டி மேட்டில் ஏறுகிற மாதிரி. சம்பளத்துக்கு விமானம் ஓட்டுவதற்கான உரிமம், சிபிஎல் வாங்க மொத்தம் 200 மணி நேரம் பறக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் நாமே கேப்டனாக. அந்த நூறுக்குள் 300 நாட்டிகல் மைல் நீண்ட பயணம் ஒன்று, வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி நின்று வரவேண்டும். ஜூனில் மழை வந்துவிட்டால் பல நாட்கள் விமானங்கள் ஷெட்டைவிட்டு வெளியே வராது. அறைத் தோழன், திருநெல்வேலிக்காரன், ஏப்ரலிலேயே முடித்துவிட்டான். எனக்கு மே மூன்றாவது வாரத்தில்தான் தேதி கிடைத்தது. அப்பா வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கிய கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது.

ஹியூமன் ஃபேக்டர்ஸ் வகுப்பை நாங்கள் யாரும் மதித்ததில்லை. தூக்கம், பசி, மன அழுத்தம், காது ஏமாற்றுவது. ‘இதெல்லாம் ஒரு பாடமா?’ ஒரே ஒரு நாள்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பயிற்சியாளர் பறக்கும்போது என்னைக் கண்ணை மூடச் சொன்னார். ‘இப்ப எப்படிப் போறோம்?’ என்றார். ‘நேரா, சார்.’ கண்ணைத் திறந்தால் இறக்கை இடப்பக்கம் சாய்ந்து, மூக்கு கீழே. அவ்வளவு மெதுவாகச் சாய்த்திருக்கிறார், காதுக்குள் இருக்கும் திரவம் கண்டுகொள்ளவே இல்லை. கீழே வந்ததும் 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வைச் சொன்னார். கருவிகளைப் பார்த்துப் பறக்கப் பழகாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாத நிலையில் பறக்கவிட்டிருக்கிறார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 வினாடி. மூன்று நிமிஷம்கூட இல்லை. காப்பி ஆறுவதற்குள்.

அந்த நாளுக்கு வருகிறேன். நாலு மணிக்கே எழுந்தாயிற்று. எட்டு மணிக்குக் கிளம்பி முதல் ஊரில் இறங்கினேன், சுகம். இரண்டாவது ஊரில் எரிபொருள் வண்டி வருவதற்கு இரண்டரை மணி நேரம். பதினோரு மணிக்குக் கிளம்பவேண்டிய கடைசிக் கட்டம் ஒன்றரைக்குப் போய்விட்டது. சாப்பாடு என்று பார்த்தால் ரெண்டு டீ, ஒரு பிஸ்கட் பாக்கெட். தண்ணீர் அளந்துதான் குடித்தேன். செஸ்னாவில் கழிப்பறை கிடையாதே.

கிளம்புமுன் மெட்டார் பார்த்தேன். எங்கள் தளத்துக்கு மெட்டார் கிடையாது, பக்கத்துப் பெரிய ஊருடையதுதான். அதில் மேகத்துக்கு எழுதியிருந்தது ‘ஃபியூ 035 சிபி’. என் மூளைக்குள் போனது ஃபியூ மட்டும். எட்டில் ஒன்று, ரெண்டு பங்கு மேகம், அதுவும் 3500 அடியில். ‘நல்லாத்தானே இருக்கு’ என்று தொடைமேல் வைத்து எழுதும் பலகையில் எழுதிக்கொண்டேன். அதற்குப் பின்னால் ஒட்டியிருந்த சிபி, அதாவது இடிமழை மேகமான குமுலோநிம்பஸ், 84 மார்க்காரன் கண்ணில் படவில்லை. படவில்லை என்பதுகூடப் பொய். பட்டது, படிக்கவில்லை. தேர்வில் அதே வரி வந்திருந்தால் சரியாக எழுதியிருப்பேன். அங்கே எனக்கு வீடு திரும்ப வேண்டிய அவசரம் இல்லையே.

கிளம்பி இருபது நிமிஷத்தில் அது தெரிந்தது. போகவேண்டிய திசையில், சற்று வலப்பக்கம், காலிஃபிளவர் மாதிரி பொங்கி நின்றது. உச்சி தட்டையாக விரிய ஆரம்பித்திருந்தது. அடியிலிருந்து மழைத் தாரைகள் தொங்கின, ஆனால் தரையைத் தொடவில்லை, பாதியிலேயே காற்றில் காய்ந்து மறைந்தன. இதற்குப் பெயர் விர்கா. உண்மையைச் சொன்னால், அழகாகத்தான் இருந்தது. ஆவியாகிற மழை சுற்றியுள்ள காற்றைக் குளிரவைக்கும், குளிர்ந்த காற்று கனத்துக் கீழே கொட்டும், தரையில் மோதி நாலு பக்கமும் சிதறும், அதுதான் மைக்ரோபர்ஸ்ட் என்று நானே இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். முதலில் எதிர்க்காற்று வந்து விமானத்தைத் தூக்கும், மறு நொடி பின்காற்றாக மாறிக் கீழே தள்ளும். இறங்கும் காற்றின் வேகம் நிமிஷத்துக்கு 6000 அடி வரை போகலாம். அன்று என் செஸ்னாவின் ஏறும் வேகம் 400-ஐத் தொட்டால் பெரிது. 1985 ஆகஸ்ட்டில் டாலஸில் தரையிறங்க வந்த மூன்று எஞ்சின் ஜெட்டையே அப்படி ஒரு காற்று தரையில் அறைந்தது. 137 பேர் இறந்தார்கள்.

இத்தனையும் தெரிந்துகொண்டே நேராகப் போய்க்கொண்டிருந்தேன். ‘இடப்பக்கம் இன்னும் வெளிச்சமா இருக்கு.’ ‘அது நகர்ந்துரும்.’ ‘இன்னும் நாப்பது நிமிஷம்தானே.’ யாரோ பக்கத்தில் உட்கார்ந்து ஓதுகிற மாதிரி ஒவ்வொரு காரணமாக வந்தது. பிறகு மேகத்துக்குக் கீழே தரையில் செம்மண் தூசி சுவர் மாதிரி எழும்பி என் பக்கம் நகர்வதைப் பார்த்தேன். அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது பாடப்புத்தகம் இல்லை, ஆச்சி. ‘அந்தி மழை அழுதாலும் விடாதுலே’ என்று களத்தில் காயும் வத்தலை அள்ள விரட்டுவாள். திரும்பினேன். ரேடியோவில் சொல்லும்போது குரல் கீச்சென்று வந்தது. கிளம்பிய ஊரிலேயே இறங்கி, அன்றிரவு அங்கே ஒரு லாட்ஜில் தங்கினேன்.

மறுநாள் காலை தளத்துக்கு வந்ததும் திட்டு விழும் என்று நினைத்தேன். பயிற்சியாளர் இரண்டே கேள்விதான் கேட்டார். ‘மேகத்தை எத்தனை மணிக்குப் பார்த்தே? எத்தனை மணிக்குத் திரும்பினே?’ பலகையில் குறித்து வைத்திருந்தேன். நடுவில் 11 நிமிஷம். ‘அந்தப் பதினொண்ணுல வானத்துல புதுசா ஏதாவது தெரிஞ்சுதா?’ தெரியவில்லை. முதல் நிமிஷத்தில் பார்த்ததைத்தான் கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கோழிக்கோட்டு விமான விபத்தைப் பற்றிப் பேசினார். 2020 ஆகஸ்ட் 7, கொட்டும் மழை, மேட்டின் மேல் ஓடுபாதை. முதல் முயற்சியை விட்டு மேலே ஏறி, எதிர்முனையிலிருந்து பின்காற்றோடு இறங்கினார்கள். ஓடுபாதையில் ஏறக்குறைய பாதி தாண்டித்தான் சக்கரம் தொட்டது. இரு விமானிகள் உட்பட 21 பேர் போனார்கள். கேப்டன் அனுபவசாலி. மறுநாள் காலை கோழிக்கோட்டிலிருந்து அவர் ஓட்டவேண்டிய விமானம் ஒன்று இருந்தது, அங்கேயே இறங்கியாக வேண்டும் என்ற எண்ணத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. 2010-இல் மங்களூரில் நடந்த விபத்தில் வானிலைக் கோளாறே இல்லை. விமானி அறையில் குரல்பதிவான இரண்டு மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கேப்டன் தூங்கியிருக்கிறார். துணை விமானி கோ அரவுண்ட், அதாவது இறங்காமல் மேலே ஏறிவிடலாம் என்று சொல்லியும் இறங்கினார். 158 பேர் இறந்தார்கள்.

‘அவங்களுக்கு வானிலை தெரியாதுன்னா நினைக்கிறே?’ என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அன்றிலிருந்து என் நோட்டில் ஒரு பத்தி கூடியது. மெட்டாருக்குக் கீழே என்னைப் பற்றியும் ஒரு வரி. எத்தனை மணி நேரம் தூங்கினேன், என்ன சாப்பிட்டேன், இன்று போயே ஆகவேண்டும் என்று ஏன் தோன்றுகிறது. முதல் இரண்டும் சுலபம். மூன்றாவதில் ஆரம்பத்தில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிப் பொய் சொன்னேன். இப்போது ‘வட்டி’ என்று எழுதுகிறேன். சில நாள் ‘திருநெல்வேலிக்காரன்’. மெட்டாரைக் கடைசி எழுத்திலிருந்து முன்னால் படிக்கிற பழக்கமும் வந்துவிட்டது. பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள்.

அந்த நீண்ட பயணம் ஜூனில் நடக்கவில்லை. மழை முந்திக்கொண்டது. அக்டோபர் கடைசியில், காலை ஆறரைக்குக் கிளம்பி, மதியச் சாப்பாட்டுக்குத் தளத்தில் இருந்தேன். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. இறங்கியதும் பயிற்சியாளர் லாக்புக்கில் கையெழுத்துப் போட்டார், மே மாத வரியைப் புரட்டிப் பார்த்தார், அதன் ஓரத்தில் நான் பென்சிலால் எழுதியிருந்த ‘11’-ஐ அழிக்க வேண்டாம் என்றார்.