இடது வெண்ட்ரிக்கிளைத் தரையில் வரைந்து படித்தேன்

முதல் வருட மருத்துவப் படிப்பின் பிசியாலஜியில் (உடலியங்கியலில்) இதயச் சுழற்சி வரைபடத்தைப் பார்த்து மிரளாதவர்கள் குறைவு. அழுத்தம், கொள்ளளவு, இசிஜி, இதய ஒலி என எல்லாக் கோடும் ஒரே பக்கத்தில் நெருக்கியடித்துக் கிடக்கும். என் யோசனை, உடம்புக்கு ரத்தத்தைத் தள்ளும் கீழறையான இடது வெண்ட்ரிக்கிளின் அழுத்தக் கோட்டை மட்டும் முதலில் பிடியுங்கள்.

ஸ்டடி லீவில் காரைக்குடி வீட்டில் நான் செய்தது இது. வளவில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, சதுரம் சதுரமாக இருக்கும், கிராஃப் தாளுக்கு வேறென்ன வேண்டும்? கிடையாக ஒரு கல் 0.1 வினாடி, மேல்நோக்கி ஒரு கல் 20 மி.மீ. பாதரசம் என்று வைத்துக்கொண்டு சாக்பீஸால் வரைந்தேன் (அப்பத்தா பார்ப்பதற்குள் துடைத்துவிட வேண்டும்). ஒரு துடிப்பு சுமார் 0.8 வினாடி, அதாவது எட்டுக் கல். முதல் கல்லில் மேலறை சுருங்கி மிச்ச ரத்தத்தைத் தள்ளிவிடும், இப்போது இடது வெண்ட்ரிக்கிளில் சுமார் 120 மி.லி. இருக்கும். அடுத்த மூன்று கல்தான் முக்கியம்.

வெண்ட்ரிக்கிள் சுருங்க ஆரம்பித்து, உள்ளே அழுத்தம் மேலறையைத் தாண்டியதுமே இரண்டுக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு மூடிக்கொள்ளும், முதல் ஒலி அப்போதுதான். ஆனால் உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனியான அயோர்ட்டாவில் ஏற்கெனவே 80 இருக்கிறதே, நாலு கல் உயரம் ஏறினால்தான் அந்தப் பக்கத்து வால்வு திறக்கும். ஆக இரண்டும் மூடியிருக்க, ரத்தம் சொட்டுக்கூட வெளியேறாமல் அழுத்தம் மட்டும் விறுவிறுவென ஏறுகிற அந்த அரைக் கல், கிட்டத்தட்ட 0.05 வினாடி, அதுதான் ஐசோவால்யூமெட்ரிக் சுருக்கம், அதாவது கொள்ளளவு மாறாத சுருக்கம். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மடக்குவது பெரும்பாலும் இங்கேதான். அப்புறம் வால்வு திறந்து, அழுத்தம் 120 வரை போய், 70 மி.லி. வெளியேறி 50 மிஞ்சும். 70-ஐ 120-ஆல் வகுத்தால் எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன், அதாவது இருந்ததில் வெளியேறிய பங்கு, 58 சதவீதம். அதே 70 மி.லி.-ஐ நிமிடத்துக்கு 72 துடிப்பால் பெருக்கினால் ஒரு நிமிடத்தில் வெளியேறும் ரத்தம், சுமார் 5 லிட்டர். அழுத்தம் அயோர்ட்டாவுக்குக் கீழே இறங்கியதும் வால்வு மூடும், இரண்டாம் ஒலி.

சரி, ஒவ்வொரு தசை நாரும் சுமார் 15 சதவீதம்தான் குறுகுகிறது, பிறகு எப்படிப் பாதிக்கு மேல் ரத்தம் வெளியே போகிறது? பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கோ பாடத்திலேயே பிடித்த இடம் இதுதான். நார்கள் நேராக ஓடுவதில்லை. சுவரின் உள்ளடுக்கு ஒரு பக்கமாகவும் வெளியடுக்கு எதிர்ப்பக்கமாகவும் சாய்ந்து சுற்றியிருக்கின்றன, நடுவில் வளையம்போல் ஓடுகின்றன. அதனால் சுருங்கும்போது சுவர் தடிக்கிறது, அடித்தளம் (வால்வுகள் இருக்கும் மேல்பக்கம்) கீழ்நுனியை நோக்கி இறங்குகிறது, நுனியிலிருந்து பார்த்தால் நுனி இடஞ்சுழியாகவும் அடித்தளம் வலஞ்சுழியாகவும் திரும்புகின்றன. நனைந்த கண்டாங்கிச் சேலையை இரண்டு கையாலும் எதிரெதிராக முறுக்கிப் பிழிவது மாதிரி. அந்த முறுக்கு தளரும்போது உள்ளே அழுத்தம் சட்டென்று விழுவதால்தான் அடுத்த ரத்தம் மேலறையிலிருந்து உறிஞ்சப்படுவதுபோல வருகிறது. பம்ப் என்றால் தள்ளுவது மட்டும்தான் என்று எழுதினால் பாதி விடைதான்.

இன்னொரு கேள்வி அடிக்கடி வரும்: இடது வெண்ட்ரிக்கிளின் தசைக்கு ரத்தம் எப்போது கிடைக்கிறது? பெரும்பகுதி டயஸ்டோலில், அதாவது வெண்ட்ரிக்கிள் தளர்ந்திருக்கும் நேரத்தில், ஏனென்றால் சுருங்கும்போது சுவருக்குள் ஓடும் கொரோனரிக் குழாய்கள் (இதயத் தசைக்கே ரத்தம் தரும் குழாய்கள்) நசுங்குகின்றன. துடிப்பு வேகமானால் அதிகம் குறைவதும் டயஸ்டோல் நேரம்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்து தேர்வாளர்கள் ஸ்டார்லிங் விதிக்குப் போவார்கள் (அறை கூடுதலாக நிரம்பி நார்கள் நீண்டால் சுருக்கமும் பலமாகும் என்பது), அதையும் ஒருமுறை பார்த்துவிட்டே வைவாவுக்கு உள்ளே போங்கள்.