நாற்பத்தைந்தாம் நாள்

அக்டோபர் 6

நான்கு வீடுகளுக்குச் சென்றேன். வேலை இருந்தது ஒரு வீட்டில்தான். என் வண்டி ஒரே வாசலில் நின்றால் தெரு கேட்கத் தொடங்கிவிடும். அந்த வீட்டுத் தாயின் பெயரும் ஊரின் பெயரும் இந்தக் குறிப்பில் ஒருபோதும் வராது.

சளியோ காய்ச்சலோ இல்லாத குழந்தைக்குத் தினமும் எதற்கு மருந்து என்று மாமியார் கேட்டார். பிறந்த அன்றே மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்து, ஆறு வாரம் தவறாமல் கொடுக்க வேண்டும் என்றேன். பொய் சொல்லவில்லை. எச்.ஐ.வி. தொற்றுள்ளவரின் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்னும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இல்லாவிட்டாலும் வாய் திறந்திருக்க மாட்டேன்.

அக்டோபர் 9

அவளுடைய கணவர் இன்றும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்கு வரவில்லை.

அக்டோபர் 15

பதிவேட்டில் கணவரின் பரிசோதனைக்கான கட்டம் ஏழு மாதங்களாக வெறுமையாக இருக்கிறது. கர்ப்பம் என்று பதிவு செய்ய வந்த அன்றே அவள் கையை நீட்டி இரத்தம் கொடுத்தாள். கொடுத்ததனால் அவளுடைய தொற்று முதலில் தெரிந்தது. முதலில் தெரிந்ததனாலேயே, விஷயம் வெளியே வந்தால், அவள்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தாள் என்று ஆகிவிடும். 1986-இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினர் இத்தொற்றை நாட்டிலேயே முதன்முதலாகக் கண்டறிந்ததும் பெண்களின் இரத்தத்தில்தான். சோதித்தது அவர்களை. யாரைச் சோதிக்கிறோமோ அவர்கள்மீது பழி விழுகிறது என்பதைப் பயிற்சி வகுப்புகளில் எங்களுக்கு இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

அக்டோபர் 22

இரவெல்லாம் மழை. சம்பா நட்ட வயல்களில் வரப்புத் தெரியவில்லை. முழங்கால் தண்ணீரில் நடந்து போனேன்.

பால் போதவில்லை, பசும்பால் சேர்த்துக் கொடு என்று பக்கத்து வீட்டம்மாள் சொன்னாராம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், ஒரு சங்கு சர்க்கரைத் தண்ணீர்கூட வேண்டாம் என்று மாமியார் எதிரிலேயே, எல்லாக் குழந்தைகளுக்கும் சொல்வதைப் போலச் சொன்னேன். மாத்திரைப் புட்டியை அவள் அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறாள். இரவு ஒன்பது மணிக்கு ஒன்று; ஒரு நாளும் தவறவில்லை என்று கண்ணாலேயே சொன்னாள். சிகிச்சையே இல்லாவிட்டால் நூறு குழந்தைகளில் பதினைந்து முதல் நாற்பத்தைந்து பேருக்குத் தொற்றலாம். தாய் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் ஐந்துக்கும் கீழே. அந்த ஐந்துக்குள் இந்தக் குழந்தை இருந்துவிடுமோ என்ற நினைப்பு வீடு திரும்பும்வரை என்னை விடவில்லை.

அக்டோபர் 29, புதன்

நாற்பத்தைந்தாம் நாள் தடுப்பூசி. ஊரே குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வரும் நாள் என்பதால் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஊசி போட்ட பிறகு உள் அறையில் குதிகாலில் குத்தி, அட்டையிலிருந்த வட்டங்களில் சொட்டுச் சொட்டாக இரத்தம் எடுத்தார்கள். குழந்தை வீறிட்டது. அட்டை காயும்வரை அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த முடிவு நல்லதாக வந்தாலும் ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், பதினெட்டாம் மாதம் என்று சோதனைகள் உண்டு. இன்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நவம்பர் 3

முடிவு வரவில்லை.

நவம்பர் 7

அவளுடைய கணவர் தொலைபேசியில் அழைத்தார். மையம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று மட்டும் கேட்டார். ஒன்பது மணி என்றேன். நானும் வருகிறேன் என்று சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

நவம்பர் 8

எட்டரை மணிக்கே போய் நின்றேன்.